ஓரியூர் 1693: முதல் தடவை விட்டுட்டாங்க, இரண்டாவது தடவை ஏன் கொன்னாங்க?

இன்றைய எபிசோட் ஒரு மரண தண்டனையைப் பற்றியது. 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி, இன்றைய ராமநாதபுரம் மாவட்டம் திருவாடானை தாலுகாவுல இருக்கிற ஓரியூர்ல, 45 வயசு போர்த்துகீசியப் பாதிரியார் ஒருத்தரோட தலையை வெட்டினாங்க. அவர் பேரு ஜான் தே பிரிட்டோ. தமிழ்ல அருளானந்தர். இயேசு சபையோட மதுரை மிஷனுக்குத் தலைவரா இருந்தவர்.

தென் மாவட்டங்கள்ல வளர்ந்தவங்களுக்கு இந்தப் பேரு புதுசு இல்ல. பிரிட்டோன்னு கிளாஸ்மேட் இருந்திருப்பான், அருளானந்து சார் கணக்கு எடுத்திருப்பார். கதையும் ஒரு வரியில தெரிஞ்சிருக்கும்: "மறவர் நாட்டு ராஜா, மதம் பரப்பினதுக்காகக் கொன்னுட்டார்."

அந்த ஒரு வரியில ஒரு பிரச்சனை இருக்கு. இதே ராஜா 1686-ல இதே பாதிரியாரைக் கையில வெச்சிருந்தார். அப்பவும் அவர் செஞ்ச வேலை அதேதான். ஆனா விட்டுட்டார். ஏழு வருஷம் கழிச்சு கொன்னார். நான் தொழில்ல சாஃப்ட்வேர் இன்ஜினியர். நேத்து ஓடின புரோகிராம் இன்னிக்கு ஓடலைன்னா நாங்க கேக்கற முதல் கேள்வி, "நடுவுல என்ன மாறுச்சு?" இன்னிக்கும் அதே கேள்விதான்.

ஆனா அதுக்கு முன்னாடி தூத்துக்குடிக்குப் போகணும்.

இரண்டு வி.ஓ.சி.

தூத்துக்குடி துறைமுகத்துக்கு 2011-ல வ.உ.சிதம்பரனார் பேரு வெச்சாங்க. இங்கிலீஷ்ல சுருக்கினா வி.ஓ.சி. வேடிக்கை என்னன்னா, இதே ஊர்ல அதுக்கு முன்னாடி இன்னொரு வி.ஓ.சி. இருந்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியோட பேரை அவங்க மொழியில சுருக்கினா வர்றதும் அதே மூணு எழுத்துதான். 1658-ல போர்த்துகீசியர்கள்கிட்ட இருந்து தூத்துக்குடியைப் பிடிச்சது அந்தக் கம்பெனி.

சண்டை எதுக்கு? முத்துக்கு. மன்னார் வளைகுடாவுல முத்துக்குளிக்கற உரிமை யார் கையில இருக்கோ, அவங்களுக்கு வருமானம். அதனாலதான் இந்தக் கரைக்கு முத்துக்குளித்துறைன்னு பேரு.

கிறிஸ்தவம் இந்தக் கரைக்கு எப்படி வந்துச்சுன்னு பார்த்தா, அதுலயும் முத்து இருக்கு. 1530-கள்ல பரதவர்களுக்கும் முத்து வணிகத்துல இருந்த முஸ்லிம்களுக்கும் பெரிய மோதல். பரதவர் தலைவர்கள் சில பேர் கொச்சிக்குப் போய் போர்த்துகீசியர்கிட்ட பாதுகாப்பு கேட்டாங்க. பாதுகாப்பு கிடைச்சது, கூடவே ஞானஸ்நானமும். ஆயிரக்கணக்கான பேர் கொஞ்ச காலத்துலயே கத்தோலிக்கரா ஆனாங்க. பிரான்சிஸ் சவேரியார் 1542-ல வந்தப்போ, ஏற்கெனவே ஞானஸ்நானம் வாங்கியிருந்த ஜனங்களுக்கு ஜெபம் சொல்லிக் கொடுக்கறதுதான் அவரோட முக்கியமான வேலையா இருந்துச்சு.

இதைக் கொச்சைப்படுத்தறதுக்காகச் சொல்லல. டச்சுக்காரங்க வந்ததும் போர்த்துகீசியப் பாதுகாப்பு போச்சு. ஆனா பரதவர்கள் டச்சுக்காரங்களோட புராட்டஸ்டண்ட் சபைக்கு மாறல. பனிமய மாதாவை விடல. பாதுகாப்புக்காகத் தொடங்கின ஒண்ணு நூறு வருஷத்துல அவங்க சொந்த விசுவாசமா ஆகியிருந்துச்சு.

நான் இங்க அழுத்திச் சொல்ல வர்றது ஒண்ணுதான். அந்தக் காலத்துல ஒரு கூட்டமோ, ஒரு பாளையத்துத் தலைவரோ மதம் மாறினா, அது தனிப்பட்ட நம்பிக்கை சமாச்சாரம் மட்டும் இல்ல. "நாங்க இனி யாரோட ஆளு?"ங்கற கேள்விக்கும் அதுவே பதில். இதை மனசுல வெச்சுக்கோங்க. ஓரியூர்ல இது திரும்ப வரும்.

பறங்கி ஆகாம இருக்கணும்

கரையில வேலை செஞ்ச முறை உள்நாட்டுல வேலைக்கு ஆகல. மதுரையில போர்த்துகீசியப் பாதிரியார் ஒருத்தர் வருஷக்கணக்கா இருந்தும், கரையில இருந்து வந்த பரதவர்களைத் தவிர ஊர்க்காரங்க யாரும் அவர் பக்கமே போகல. ஏன்னா அவர் பறங்கி. மாட்டுக்கறி தின்பார், சாராயம் குடிப்பார், குளிக்க மாட்டார், சாதி கெட்டவர். பறங்கி மார்க்கத்துல சேர்ந்தா நாமளும் பறங்கின்னு ஜனங்க நெனச்சாங்க.

1606-ல மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி இதை மாத்தினார். காவி கட்டினார், மரக்கறி மட்டும் சாப்பிட்டார், தமிழும் சமஸ்கிருதமும் படிச்சு பிராமண சந்நியாசி மாதிரி வாழ்ந்தார். கூட இருந்த பாதிரியார்களே "இது கிறிஸ்தவமா, இந்துமதமா?"ன்னு ரோமுக்குப் புகார் எழுதினாங்க. 1623-ல போப் 15-ஆம் கிரகோரி நோபிலிக்குச் சாதகமா தீர்ப்பு சொன்னார்.

ஆனா அந்த முறைக்கு ஒரு விலை இருந்தது. பிராமண சந்நியாசியா வாழறவர் ஒடுக்கப்பட்ட சாதிக்காரங்களோட வெளிப்படையா பழக முடியாது. அதனால 1640-ல இன்னொரு வகையை ஆரம்பிச்சாங்க: பண்டாரசுவாமி. சைவப் பண்டாரங்கள் மாதிரி உடை, வாழ்க்கை. இவங்க மேல் சாதி, கீழ் சாதி இரண்டு பக்கமும் போகலாம். சாதியை உடைச்சாங்கன்னு சொல்ல முடியாது. சாதிக்கு நடுவுல நடக்க ஒரு சந்து கண்டுபிடிச்சாங்க.

அந்தச் சந்து வழியா வந்தவர்தான் நம்ம ஆள்.

அரண்மனைப் பையன்

ஜான் தே பிரிட்டோ 1647 மார்ச் 1-ஆம் தேதி லிஸ்பன்ல பிறந்தார். பெரிய இடத்துப் பிள்ளை. சின்ன வயசுல அரண்மனையில பணிவிடைப் பையனா இருந்தார். பின்னாடி இரண்டாம் பேத்ருங்கற பேர்ல ராஜாவான இளவரசர் அவரோட கூட்டாளி. ஒரு தடவை சாகக் கிடந்தப்போ, பிழைச்சா ஒரு வருஷம் இயேசு சபை அங்கி போட்டுவிடறேன்னு அம்மா சவேரியாருக்கு நேர்ந்துக்கிட்டாங்க. பையன் பிழைச்சான். கொஞ்ச வருஷம் கழிச்சு, 1662-ல, அந்த அங்கியை நிரந்தரமா போட்டுக்கிட்டான்.

1673-ல குருப்பட்டம் வாங்கி, அதே வருஷம் கோவாவுக்குக் கப்பல் ஏறினார். அங்க இருந்து தமிழ்நாடு. பண்டாரசுவாமியா மாறினார். காவித்துணி, இறைச்சி கிடையாது, மது கிடையாது, நாள் முழுக்க நடை. தமிழ் கத்துக்கிட்டார். பேரு அருளானந்தர். தன்னோட திறமையாலயும், அசராத உழைப்பாலயும் 1680-கள்ல மதுரை மிஷனோட தலைவர் ஆனார்.

மதுரை மிஷன்னா மதுரை ஊர் மட்டும் இல்ல. உள்நாட்டுத் தமிழ்ப் பகுதியில பெரும்பகுதி அதுல அடக்கம். ஒரு சில பாதிரியார்கள், அவங்களோட உபதேசியார்கள். இந்த உபதேசியார்கள் உள்ளூர்த் தமிழர்கள். கிராமத்துக்குள்ள முதல்ல போறது அவங்க, பிடிபட்டா முதல்ல அடிவாங்கறதும் அவங்க. புனிதர் பட்டியல்ல பாதிரியார் பேரு இருக்கும். கூட அடிவாங்கின உபதேசியார் பேரு பெரும்பாலும் அந்த ஊர்லயே மறந்து போயிருக்கும்.

1686: விட்டுட்டாங்க

மறவர் நாட்டை அப்போ ஆண்டவர் ரகுநாதக் கிழவன் சேதுபதி. சாதாரண ஆள் இல்ல. தலைநகரைப் புகளூர்ல இருந்து ராமநாதபுரத்துக்கு மாத்தினவர். பேருக்கு மதுரை நாயக்கருக்கு அடங்கினவர், ஆனா நாயக்கர் பிடி தளரத் தளர தன் பிடியை இறுக்கிக்கிட்டே வந்தவர்.

1686-ல அருளானந்தரையும் உபதேசியார்களையும் சேதுபதியோட அதிகாரிகள் பிடிச்சாங்க. கடுமையான சித்திரவதை. தண்ணிக்குள்ள முக்கினாங்க, அடிச்சாங்க. "சிவ நாமம் சொல்லு, விட்டுடறோம்"னு வற்புறுத்தினாங்க. யாரும் சொல்லல. மரண தண்டனை வரைக்கும் பேச்சு போச்சு.

கடைசியில விஷயம் சேதுபதிகிட்ட வந்தது. அவர் கூப்பிட்டு விசாரிச்சார், இவர் என்ன போதிக்கறார்னு கேட்டார், விட்டுட்டார். ஒரே நிபந்தனை: இனிமே என் நாட்டுக்குள்ள போதிக்கக் கூடாது.

கிழவன் சேதுபதி வெறிபிடிச்ச மதவாதின்னா அன்னிக்கே கதை முடிஞ்சிருக்கும். அவருக்கு இந்தக் காவி கட்டின வெளிநாட்டுச் சாமியார் ஒரு தொந்தரவு. அவ்வளவுதான்.

அடுத்து அருளானந்தரை மிஷன் வேலையா லிஸ்பனுக்கு அனுப்பினாங்க. பழைய கூட்டாளி இப்போ ராஜா. இங்கயே இருந்துடுன்னு கேட்டார். அரண்மனை வாழ்க்கை, மரியாதை, பாதுகாப்பு எல்லாம் கைக்கெட்டற தூரத்துல. அருளானந்தர் வேண்டாம்னு சொல்லிட்டு 1690-ல திரும்பி வந்தார். வந்து, போகக் கூடாதுன்னு சொன்ன அதே மறவர் நாட்டுக்குள்ளயே போனார்.

1693: என்ன மாறுச்சு?

மாறினது ஒரு ஆள். பேரு தடியத் தேவன்.

மறவர் நாட்டுல செல்வாக்கான தலைவர். இயேசு சபைக் குறிப்புகள் அவரை அரச வம்சத்தவர்னும், சேதுபதி பட்டத்துக்கே உரிமை கொண்டாடக் கூடியவர்னும் சொல்லுது. அதாவது கிழவன் சேதுபதி எப்பவும் ஒரு கண்ணு வெச்சிருக்க வேண்டிய ஆள். தடியத் தேவனுக்குப் பெரிய சீக்கு. உபதேசியார் ஒருத்தர் வந்து ஜெபிச்சு, நற்செய்தி வாசிச்சதுக்கு அப்புறம் குணமானதா நம்பினார். ஞானஸ்நானம் கேட்டார்.

அருளானந்தர் ஒரு நிபந்தனை சொன்னார். தடியத் தேவனுக்குப் பல மனைவிகள். ஒருத்தரைத்தான் வெச்சுக்கலாம். தேவன் ஒத்துக்கிட்டார். முதல் மனைவியை மட்டும் மனைவியா வெச்சுக்கிட்டு, மத்தவங்களைக் கூப்பிட்டு, "இனிமே நீங்க எனக்கு சகோதரி மாதிரி, உங்க வாழ்க்கைக்குக் குறை வைக்க மாட்டேன்"ங்கற மாதிரி சொல்லிட்டார். 1693 ஜனவரி தொடக்கத்துல ஞானஸ்நானம் நடந்தது.

அப்படி விலக்கப்பட்டவங்கள்ல இளையவங்க பேரு கடலாயி. அவங்க சேதுபதியோட உறவுப் பொண்ணு.

இங்கதான் நிறுத்திப் பார்க்கணும். அன்னிக்கு இந்த மாதிரி வீடுகள்ல கல்யாணம்னா இரண்டு பேரோட விஷயம் இல்ல, உடன்படிக்கை. இதுக்கு நல்ல உதாரணம் கிழவன் சேதுபதியே. அவர் ஒரு கள்ளர் குலப் பெண்ணைக் கட்டினார், அந்தப் பெண்ணோட சகோதரரைப் புதுக்கோட்டைக்குத் தொண்டைமானா ஆக்கினார். ஒரு சமஸ்தானமே ஒரு கல்யாணத்துல இருந்து ஆரம்பிச்சது. அப்போ, பட்டத்துக்குப் போட்டியா வரக் கூடியவர் வீட்டுல தன் உறவுப் பொண்ணு இருக்கறதுக்கு என்ன அர்த்தம்? அந்த ஆள் நம்ம கட்டுக்குள்ள இருக்கார்னு அர்த்தம். அந்தப் பொண்ணைத் திருப்பி அனுப்பினா? கட்டு அறுந்துச்சுன்னு அர்த்தம்.

கரையில பரதவர்கள் மதம் மாறினப்போ ஒரு பாதுகாவலர் கிடைச்சார். இங்க தடியத் தேவன் மதம் மாறினப்போ ஒரு பாதுகாவலரோட உறவு முறிஞ்சது. கணக்கு ஒண்ணுதான், திசைதான் வேற.

கடலாயி சேதுபதிகிட்ட போய் முறையிட்டாங்க. ஜனவரி 8-ஆம் தேதி அருளானந்தரைக் கைது பண்ணி ராமநாதபுரம் கொண்டுபோனாங்க. 1686-ல விட்ட அதே சேதுபதி இந்தத் தடவை விடல. ஆனா ராமநாதபுரத்துல வெச்சுக் கொல்லவும் இல்ல. வெளிய சொன்ன தண்டனை நாடு கடத்தல். ஓரியூர்ப் பக்கம் அதிகாரத்துல இருந்த தன் தம்பிக்கு அனுப்பின உத்தரவு வேறன்னு இயேசு சபைக் குறிப்புகள் சொல்லுது. தலைநகர்ல கொன்னா தடியத் தேவன் சும்மா இருப்பாரான்னு யோசிச்சிருக்கணும். தண்டனை கொடுத்த விதத்துலயே அது எவ்வளவு பெரிய அரசியல் விவகாரம்னு தெரியுது.

ஓரியூர் சிறையில இருந்து அருளானந்தர் எழுதின கடைசிக் கடிதங்கள் இருக்கு. பேனா கிடையாது, மை கிடையாது. கரியைத் தண்ணியில குழைச்சு, வைக்கோலால எழுதினார். பிப்ரவரி 4, திருநீற்றுப் புதன். தலையை வெட்டினாங்க. அப்புறம் கைகால்களை வெட்டி, உடலைக் கம்பத்துல கட்டித் தொங்கவிட்டாங்க.

மதமா, அரசியலா?

இந்தக் கேள்வியை இரண்டு பக்கமும் இழுக்கறாங்க. "விசுவாசத்துக்காகச் செத்தார்"னு ஒரு பக்கம். "குடும்ப அரசியல்ல தலையிட்டுச் செத்தார்"னு இன்னொரு பக்கம்.

என் பார்வையில இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. சேதுபதிக்கு அது அரசியல், சந்தேகமே இல்ல. 1686-ல விட்டதே அதுக்கு சாட்சி. ஆனா அருளானந்தருக்கு அது அரசியல் இல்ல. ஒரு பலமான தலைவரைத் தன் பக்கம் இழுக்கறதுதான் குறின்னா, "மனைவிகள் விஷயத்தை அப்புறம் பார்த்துக்கலாம்"னு விட்டிருக்கலாம். உடை, சாப்பாடு, சாதி வழக்கம்னு எத்தனையோ விஷயத்துல வளைஞ்சு கொடுத்த மிஷன் அது. இந்த ஒண்ணுல அவர் வளையல. அதோட விலை தன் தலைன்னு தெரிஞ்சிருக்க வாய்ப்பு இருந்தும் வளையல.

உலகத்துல இது முதல் தடவையும் இல்ல. பைபிள்ல திருமுழுக்கு யோவான், ஏரோது ராஜாவோட கல்யாணத்தைத் தப்புன்னு சொல்லித் தலை போனவர். இங்கிலாந்துல ஜான் ஃபிஷர்ங்கற பிஷப், எட்டாம் ஹென்றி ராணியை விலக்கறதை எதிர்த்தவர், ராஜாவைத் திருச்சபைத் தலைவரா ஏத்துக்க மறுத்தவர். 1535-ல தலை போச்சு. மூணாவது நம்ம ஜான். மூணு பேருக்கும் ஒரே பேரு, மூணு கதைக்கும் நடுவுல ஒரு கல்யாணம்.

ஆனா ஃபிஷர் கதைக்கும் ஓரியூர் கதைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. ஃபிஷர் நின்னது விலக்கப்பட்ட மனைவி பக்கம். ஓரியூர்ல விலக்கச் சொன்னதே பாதிரியார்.

அதனாலதான் கடலாயியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியாகணும். பக்திக் கதைகள்ல அவங்க வில்லி. திருமுழுக்கு யோவான் கதையில வர்ற ஏரோதியாளோட ஒப்பிடறவங்க உண்டு. ஆனா அவங்க இடத்துல நின்னு பாருங்க. ஊரறியக் கல்யாணம் ஆனவங்க. அவங்களை ஒரு வார்த்தை கேக்காம, கணவர் ஒருநாள் "இனி நீ சகோதரி"ன்னு சொல்லிடறார். சாப்பாடு போடறேன்னார், சரி. மரியாதை? அந்தக் காலத்துல அவங்களுக்கு இருந்த ஒரே நீதிமன்றம் பிறந்த வீடு. அங்க போனாங்க. ஒரு ஆணோட மனசாட்சி சுத்தமாக, வேற பெண்கள் தங்களோட இடத்தை இழந்தாங்க. அருளானந்தரோட தைரியத்தை மதிக்கறதுக்கு இதை மறைக்க வேண்டியதில்ல.

இன்னொண்ணு. நமக்கு இந்தக் கதை வந்து சேர்ந்தது பெரும்பாலும் இயேசு சபைக் கடிதங்கள் வழியா. கடலாயி கையால கரியும் வைக்கோலும் வெச்சு எழுதின கடிதம் எதுவும் நம்மகிட்ட இல்ல.

ரோமுக்கே குழப்பம்

அருளானந்தருக்குப் புனிதர் பட்டம் உடனே கிடைச்சிருக்கும்னு நினைப்பீங்க. இல்ல. அவர் செத்து 11 வருஷத்துல, 1704-ல, போப்போட தூதர் தூர்னோன் புதுச்சேரியில ஒரு ஆணை போட்டார். மதுரை மிஷனோட தமிழ் வழக்கங்கள் பலதுக்குத் தடை. தாலியில பிள்ளையார் உருவம் கூடாது. ஞானஸ்நானத்துல எச்சில் தொட்டு வைக்கற சடங்கைத் தமிழர்கள் அருவருக்கறாங்கன்னு விட்டிருந்தாங்க, அதைச் செய்யணும். சாகக் கிடக்கற பறையர் வீட்டுக்குள்ள பாதிரியார் போகணும்.

அந்தக் கடைசி விதியைக் கவனிங்க. தமிழ்ப் பண்பாட்டை மதிக்கறோம்னு சொன்ன முறைக்குள்ள தீண்டாமையும் வசதியா உட்கார்ந்திருந்துச்சு. அதைக் கேள்வி கேட்டது, தமிழ்ப் பண்பாட்டை மதிக்காத ஒரு ஆணை. வரலாறு நம்ம வசதிக்கு நல்லவர் கெட்டவர்னு பிரிஞ்சு நிக்காது.

"இந்த வழக்கங்களைக் கடைப்பிடிச்சவரைப் புனிதரா அறிவிக்கலாமா?"ங்கற கேள்வி வந்து நின்னுச்சு. தடை இல்லைன்னு 1741-ல போப் 14-ஆம் பெனடிக்ட் சொன்னார். அதே போப்தான் 1744-ல அந்த வழக்கங்களைப் பத்தின சண்டைக்கும் முடிவு கட்டினார். முத்திப்பேறு பட்டம் 1853-ல, புனிதர் பட்டம் 1947 ஜூன் 22-ல. செத்து 254 வருஷம். இந்தியா சுதந்திரம் வாங்கறதுக்கு இரண்டு மாசம் முன்னாடி.

ஓரியூர்ல ரோமோட தீர்ப்புக்காக யாரும் காத்திருக்கல. அவர் இரத்தம் சிந்தின இடத்து மண் சிவந்ததுன்னு நம்பிக்கை. அந்தச் செம்மண்ணை எடுத்துக்கிட்டுப் போக எல்லா மதத்து ஜனங்களும் வர்றாங்க, மறவர் குடும்பங்களும் வர்றாங்க. எந்த நாட்டு ராஜா கொன்னாரோ, அந்த நாட்டு ஜனங்களே அவரைத் தங்க சாமியா எடுத்துக்கிட்டாங்க. பறங்கி ஆகக் கூடாதுன்னு வாழ்நாள் முழுக்கப் பாடுபட்டவருக்கு அது நடந்தது.

தூத்துக்குடியில இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிச்சா ராமநாதபுரம், அப்புறம் தொண்டி, அங்க இருந்து கொஞ்சம் உள்ள ஓரியூர். போனீங்கன்னா இரண்டு பேரை நினைச்சுக்கோங்க. ஒருத்தருக்கு அங்க கோயில் இருக்கு. இன்னொருத்தங்களுக்கு எங்கயும் ஒரு கல்லு கூட இல்ல. இரண்டு பேரும் அவங்கவங்களுக்கு நியாயம்னு பட்டதை விட்டுக்கொடுக்காதவங்க.